திருக்காலிமேடு, பதினாலாம் நம்பர்

அப்பாதுரை தன் வீட்டு விலாசத்தைப் பொய்யாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்தருகே கைலாசத்தின் டீக்கடை வாசலில். பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்த துரைக்கண்ணுவுக்கு அது பொய் என்று தெரியும். அப்பாதுரையின் வீடு பிள்ளையார்பாளையத்தில். அவன் சொன்னதோ "திருக்காலிமேடு, பதினாலாம் நம்பர்". ஊரின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உள்ள தூரம்.

கேட்டவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் பெயர் பரமசிவம்.

அதற்கு முன் இரண்டு வருஷமாக அந்தக் கடை வாசலிலிருந்து மூன்று பேர்தான் சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு பட்டுச்சேலை ஜக்கார்டு தறிகளுக்கு, பூவேலைக்கான டிசைன் அட்டையில் துளை குத்துகிறவன். வாரத்தில் ஆறு நாள் குனிந்த தலை நிமிராத வேலை. அப்பாதுரைக்குச் சாயப்பட்டறையில் வேலை; முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறம் எப்போதும் ஒட்டியிருக்கும். யேசுதாஸ் நகராட்சியில் குழாய் ஃபிட்டர். ஞாயிறு ஒரு நாள்தான் மூவருக்கும் முகத்தில் காற்றுப் படுகிற நாள். தாமல், கூரம், தென்னேரி என்று போவார்கள். ஒரு தடவை வேடந்தாங்கல் வரைக்கும் போய்விட்டுத் தொடை வலியோடு திரும்பினார்கள். வழியில் பம்புசெட் ஓடினால் குளியல். ஏரிக்கரைச் சரிவு வந்தால் கையை விட்டுவிட்டு யார் முந்தி இறங்குவது என்று போட்டி. அந்தப் போட்டியில் யேசுதாஸுக்கு இரண்டு பல் போனது. அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

எமர்ஜென்சி காலம். எழுபத்தாறாம் வருஷம், ஜனவரி மாதக் கடைசியில் மாநில ஆட்சியைக் கலைத்தார்கள். மறுநாளிலிருந்து ஆட்சியை இழந்த கட்சிக்காரர்களைப் போலீஸ் தேடித் தேடிப் பிடித்தது. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்தினார்கள். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, பரமசிவம் பச்சை நிற ஹெர்குலிஸ் சைக்கிளில் வந்து இறங்கி, "நானும் கூட வரலாமா?" என்று கேட்டார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கிக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ. துண்டை நாலாக மடித்துத் தலையில் இறுக்கிக் கட்டி அதன்மேல் ஒரு தொப்பி. கேரியரில் காற்றடிக்கும் பம்பு, கயிறு, பஞ்சு, டிஞ்சர் பாட்டில்.

"சார் எங்க வேலை பாக்கறீங்க?" என்று யேசுதாஸ் கேட்டான்.

"இப்ப லீவுல இருக்கேன்" என்றார்.

"ஊரு?"

"வேலூர் பக்கம். இங்க ஒரு சோலியா வந்தேன். ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்."

என்ன சோலி என்று அவராகச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சாலையில் அவர் எப்போதும் கடைசியாக வருவார். "ஒருத்தர் பின்னால ஒருத்தர் போங்கப்பா, லாரி வருது" என்பார். போய்ச் சேர்ந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறிப்பார். "எதுக்கு சார் எழுதறீங்க?" என்று துரைக்கண்ணு ஒரு தரம் கேட்டான். "எத்தனை மணிக்கு எங்க இருந்தோம்னு தெரிஞ்சா நல்லதுதானே?" என்றார். அந்தப் பதிலில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் துரைக்கண்ணுவுக்கு அது பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் விலாசம் கேட்டார். பெயர், தகப்பனார் பெயர், வீடு, ஏதாவது ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும், உடம்பில் என்ன கோளாறு. யேசுதாஸ் பெண்டாட்டி பெயர் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தான். அப்பாதுரை பொய் சொன்னான். துரைக்கண்ணு தன்னுடையதை உள்ளபடி சொன்னான். மறைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

அன்று திரும்பும்போது அப்பாதுரையைத் தனியாக மடக்கிக் கேட்டான்.

"இன்னாத்துக்குபா பொய் சொன்ன?"

மற்றவர்கள் எட்டத்தில்தான் வருகிறார்களா என்று அப்பாதுரை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "எங்க அண்ணன் ஊட்ல இருக்குது."

அவன் அண்ணன் காசிநாதன் வார்டில் கட்சி வேலை செய்தவர். மூன்று வாரமாக ஆளைக் காணோம், பெங்களூர் போய்விட்டார் என்று ஊரில் பேச்சு. உண்மையில் அவர் தம்பி வீட்டுப் பரண்மேல், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார்.

"உன்னத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது துரை. யேசுதாஸுக்குக் கூட."

"இந்த ஆளு சி.ஐ.டி.ங்கிறியா?"

"பின்ன? வேலை இன்னான்னு சொல்ல மாட்டேங்கிறான். ஆளுங்க பேரை எழுதிக்கினு திரியறான். எந்த சைக்கிள்காரன் அப்பன் பேரைக் கேக்கறான்?"

"அப்ப நாம ஞாயித்துக்கிழமை போறதை நிறுத்திடலாம்."

"நிறுத்தினா இன்னும் சந்தேகம் வரும். வழக்கம்போல வரணும். வாயை மட்டும் மூடிக்கினு இருக்கணும்."

அந்த வாரம் புதன்கிழமை துரைக்கண்ணு அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வரும்போது பரமசிவத்தைப் பார்த்தான். போலீஸ் ஸ்டேஷன் வாசலில், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று எதையோ நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் அவரிடம் நின்று பேசினார், தலையை ஆட்டினார். துரைக்கண்ணு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். அவர் நேராக ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்குப் போகிற வழியில் நுழைந்தார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், வாசலில் நின்று தெருவை இருபுறமும் பார்த்தார். துரைக்கண்ணு ஒரு வேப்பமரத்தின் பின்னால் ஒதுங்கினான். இனிச் சந்தேகமே இல்லை என்று நினைத்தான்.

இதை அவன் அப்பாதுரையிடம் சொன்னான். அன்றிலிருந்து பரமசிவத்தின் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் இருவரும் உள்ளர்த்தம் தேடினார்கள். "எந்தக் கடையில வண்டி ரிப்பேர் பாக்கறீங்க?" என்று அவர் கேட்டால், கடைக்காரனிடம் வீட்டை விசாரிக்கத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. "போன வாரம் ஏன் வரல?" என்றால் அது விசாரணை. தலையில் துண்டு கட்டிக்கொள்ளச் சொன்னால், தூரத்திலிருந்து அடையாளம் வைக்க. அவரை விட்டு விலகியிருக்க அப்பாதுரை எல்லோருக்கும் முன்னால் வேகமாக மிதிக்கத் தொடங்கினான். முன்பெல்லாம் சரிவில்தான் அந்த வேகம். இப்போது சமதரையிலும் அதே வேகம்.

மார்ச் மூன்றாவது ஞாயிறு. கிளம்புவதற்கு முன் பரமசிவம் அப்பாதுரையின் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நிற்காமல் இரண்டு சுற்று சுற்றியது.

"பிரேக் கட்டை தேஞ்சிபோச்சி அப்பாதுரை. இன்னிக்கு வண்டியை விட்டுட்டுப் போங்க. நானே புதுக் கட்டை போட்டு வெக்கிறேன்."

"வேணாம் சார். ரெண்டு வருஷமா இப்டித்தான் ஓட்டறேன்."

"வேகமா போகாதீங்கன்னு நான் சொல்லல. நிக்கணும்னா நிக்கிற வண்டியா இருக்கணும்."

"எல்லாத்துக்கும் பயந்துக்கினு இருந்தா ஊட்லயே குந்திக்கினு இருக்கலாம் சார்."

"சரி, சரிவு வந்தா இறங்கித் தள்ளிக்கினு வாங்க. அதையாவது செய்யுங்க."

அப்பாதுரை துரைக்கண்ணுவைப் பார்த்தான். வண்டியை இவரிடம் விடுவதா என்று அந்தப் பார்வை கேட்டது. துரைக்கண்ணு அவருக்குத் தெரியாத மாதிரி தலையை அசைத்தான், வேண்டாம் என்று. பிற்பாடு அவன் பல தடவை நினைத்துப் பார்த்தது அந்தத் தலையசைப்பைத்தான்.

கூரத்தைத் தாண்டி ஏரிக்கரைமேல் போய், கரை முடிகிற இடத்தில் ரோடு சரேலென்று இறங்கும். கீழே ஒரு சின்ன மதகு. மற்றவர்கள் கரைமேல் வந்துகொண்டிருந்தபோது அப்பாதுரை இறங்கத் தொடங்கிவிட்டான். வைக்கோல் வண்டி ஒன்று மதகை அடைத்தபடி எதிரே வந்தது. அவன் பிரேக்கை அழுத்துவது துரைக்கண்ணுவுக்கு மேலேயிருந்து தெரிந்தது. சைக்கிள் நிற்கவில்லை. அவன் மாட்டின்மேல் மோதாமல் ஹேண்டிலை ஒடித்தான். மதகுக் கல்லில் சக்கரம் இடித்து ஆள் பறந்து, தலை கல்லில் பட்டது.

அவர்கள் ஓடிப்போனபோது கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. காதோரம் ரத்தம். வைக்கோல் வண்டிக்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார்.

"வாயில ஊத்தாதீங்க!" என்று பரமசிவம் தடுத்தார். "மூச்சுல ஏறிடும்." அப்பாதுரையைப் பதனமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் தலையிலிருந்த துண்டைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார். யேசுதாஸை ஊருக்குள் அனுப்பி ஒரு டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னார். கை நடுங்காமல் எல்லாவற்றையும் செய்தார். இந்த ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று துரைக்கண்ணு அப்போதும் யோசித்தான்.

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டு, "மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். மெட்ராஸுக்குத்தான் கொண்டுபோகணும். வேனுக்குச் சொல்றேன், வீட்டு ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூடப் போகணும்" என்றார்.

"நான் போடறேன் டாக்டர்" என்றார் பரமசிவம்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அதற்குள் வாசலில் விபத்துக் கேசுகளை எழுதுகிற போலீஸ்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "பேரு, விலாசம்?" என்று கேட்டார். பரமசிவம் நோட்டைத் திறந்து படித்தார். "அப்பாதுரை. திருக்காலிமேடு, பதினாலாம் நம்பர்."

போலீஸ்காரர் எழுதினார். துரைக்கண்ணு பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

"நான் போய் அவங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கினு வரேன்" என்று பரமசிவம் சைக்கிளை எடுத்தார். இல்லாத வீட்டைத் தேடி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே துரைக்கண்ணு நின்றான். அவர் தலை மறைந்ததும் யேசுதாஸைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்குப் பத்து நிமிஷம் போதும். துரைக்கண்ணு நேராகப் போகவில்லை. போலீஸ்காரர் தன்னையே பார்த்த மாதிரி இருந்தது. பரமசிவம் உண்மையில் திருக்காலிமேட்டுக்குத்தான் போனாரா, இல்லை மூலையில் நின்று தன்னைப் பின்தொடர்கிறாரா? அவன் முதலில் எதிர்த்திசையில் போனான். காமாட்சியம்மன் கோயில் பக்கம் சுற்றி, ஒரு வெற்றிலைக் கடையில் நின்று பாக்கு வாங்கினான். பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் கடந்துபோகும் வரை காத்திருந்தான். அவரே மறுபடி எதிரில் வரவும் ஒரு சந்தில் புகுந்து, தறிக்குப் பாவு நூல் நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவே வண்டியைத் தூக்கிக்கொண்டு போய், அடுத்த தெருவில் வெளிப்பட்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றான். நிற்கும்போதெல்லாம் அப்பாதுரையின் பாதி திறந்த கண் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நின்றான்.

வீட்டு வாசலை அடைந்தபோது மணி பத்தரை.

அப்பாதுரையின் மனைவி காந்தா செய்தியைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுக் காசிநாதன் பரணிலிருந்து இறங்கி வந்தார். தாடி மண்டிய முகம்.

"நான் போறேன். நான்தான் அவனுக்கு மூத்தவன். நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்க வெளிய வந்தீங்கன்னா ரெண்டு பேரையும் நான் பறிகொடுக்கணும் மாமா" என்றாள் காந்தா. "இருங்க உள்ள." செருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் பரமசிவம் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை, அப்பாதுரையின் ரத்தம் காய்ந்த கறை.

நால்வரும் அப்படியே நின்றார்கள். காசிநாதன் நடுக்கூடத்தில், ஒளிய இடமில்லாமல்.

"திருக்காலிமேட்டுல பன்னண்டோட வீடு முடிஞ்சிடுது" என்றார் பரமசிவம் மூச்சு வாங்கியபடி. "அவர் கையில சாயம் பாத்திருக்கேன். அதான் பட்டறை பட்டறையா விசாரிச்சிக்கினு வந்தேன். வேன் இந்நேரம் வந்து நிக்கும்மா, கிளம்புங்க."

பிறகு காசிநாதனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க அண்ணன்தானே? அதே ஜாடை. நீங்க அங்க வர வேணாம். ஒரு போலீஸ்காரர் உக்காந்துக்கினு இருக்கார்."

காந்தாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு துரைக்கண்ணு மிதித்தான். நேர்வழியில் பத்தே நிமிஷம். வேன் பதினொன்றுக்குக் கிளம்பியது.

காசிநாதன் அன்று மதியமே ஒரு மாட்டு வண்டியில் வாலாஜாபாத் பக்கம் போய்விட்டார். துரைக்கண்ணு போலீசுக்காகக் காத்திருந்தான். போலீஸ்காரர் இருக்கிறார், வராதே என்று அந்த ஆள் எதற்குச் சொன்னார்? ஒளிந்திருப்பவர் என்று முன்பே தெரிந்திருந்ததால்தானே? பிறகு வந்து சாவகாசமாகப் பிடிக்கத்தானே? தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அட்டை குத்துகிற கை நின்றது. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. யாரும் வரவில்லை.

பரமசிவமும் டீக்கடைக்கு வரவில்லை. கடைசியில் துரைக்கண்ணுவே அவர் ரூமைத் தேடிப் போனான். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"லீவு முடிஞ்சிபோச்சி" என்றார். "உக்காருங்க."

"சார், நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டான்.

அவர் வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரிக்கார்டு கிளார்க். ரோட்டில் அடிபட்டு, பெயர் தெரியாமல் செத்துப்போகிறவர்களைப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. நாலு வருஷத்துக்கு முன் சைக்கிளில் வந்த ஒருவனை லாரி அடித்துவிட்டது. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து செத்துப்போனான். யாரும் வரவில்லை. அவன் சட்டைக் காலரில் தையல்காரர் வைத்துத் தைத்த துணித்துண்டில் கடைப்பெயர் கிழிந்து, 'காஞ்சிபுரம்' மட்டும் மிச்சமிருந்தது.

"அந்தத் துண்டை வெச்சிக்கினு தையக்கடை தையக்கடையா ஏறி இறங்கினேன். ஸ்டேஷன்ல காணாமப் போனவங்க பேரைப் பாத்தேன். பொணவறை ஆளைக் கேட்டேன். ஒண்ணும் தெரியல."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சந்தோஷமா சைக்கிள் விடறவங்ககிட்ட பொணத்தைப் பத்திப் பேசணுமான்னு இருந்திட்டேன். என் தப்பு." சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். "போலீஸ்காரர் முன்னாடி நான் விலாசத்தைப் படிச்சப்ப உங்க முகத்தைப் பாத்தேன். ரோட்டுக்கு வந்ததும் புரிஞ்சிது, இது பொய்யின்னு. இருந்தாலும் போய்ப் பாத்தேன். ஒருவேளை இருந்திட்டா? அப்புறம் அந்த வீட்ல தாடியோட நின்னவரைப் பாத்ததும் பொய் எதுக்குன்னும் தெரிஞ்சிது."

துரைக்கண்ணு அவர் சொன்னதையும் உடனே நம்பிவிடவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல்கடையில் விசாரித்தான். "ஆமாபா, ஒருத்தர் துணித்துண்டு காட்டிக் கேட்டாரு, மூணு தடவை வந்தாரு" என்றார் கடைக்காரர். அடுத்த கடையிலும் அதையே சொன்னார்கள். அதற்கு அடுத்த கடைக்குப் போக அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாதுரை நாற்பது நாள் கழித்து மெட்ராஸிலிருந்து வந்தான். மண்டையில் தழும்பு, நிதானமான பேச்சு. இடதுகை விரல்கள் மூடவில்லை. சைக்கிள் ஹேண்டிலைப் பிடிக்க முடியாது, நூலை முறுக்கிப் பிழியவும் முடியாது. பட்டறையில் அவனை நூல் எடைபோடும் இடத்தில் உட்காரவைத்தார்கள். பரமசிவத்தைப் பற்றி எல்லாம் சொன்ன பிறகும் அவன், "சி.ஐ.டி.தான். என்னமோ மனசு எளகி விட்டுட்டான்" என்றான். அதை அவன் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று அவனைத் தூங்க வைத்துவிட்டுக் காந்தா வாசல் வரை வந்தாள்.

"அண்ணா, அந்த சார் ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல வந்து பாத்தாரு. அன்னிக்கு ஒன்பதரைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பிட்டேன்னாரு. அவருக்கு அப்புறம் அஞ்சு நிமிஷத்துல நீங்களும் கிளம்பிட்டதா யேசுதாஸ் அண்ணன் சொல்லுது. நீங்க வர ஏன் அம்மாந்நேரம் ஆச்சி?"

வண்டி பஞ்சர் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. சுற்றிய தெருக்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். பாக்கு வாங்கியதையும் சொன்னான்.

"அந்த நேரத்துக்குள்ள போயிருந்தா கை பொழைச்சிருக்குமா?"

"மெட்ராஸ் டாக்டர்கிட்ட கேட்டேன்மா. சொல்ல முடியாதுன்னாரு."

காந்தா தெருவை இருபுறமும் பார்த்தாள். "யாராச்சும் உங்க பின்னால வந்திருந்தா எங்க மாமா இன்னிக்கு ஜெயில்ல இருப்பாரு" என்றாள். "ஒருத்தரும் வரலையே அண்ணா. ஒருத்தரும் வரலையே."

உள்ளே அப்பாதுரை இருமினான். அவள் திரும்பிப் போனாள். துரைக்கண்ணு சைக்கிளை எடுத்து, ஏறாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தான்.